உடனமர்ந்து கற்கும் பள்ளி

அந்தகக்கவி வீரராகவ முதலியாரைத் தமிழன்பர் அனைவரும் அறிவர். பதினேழாம் நூற்றாண்டில் தொண்டை நாட்டில் வாழ்ந்து, சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ் முதலிய நூல்களை இயற்றிய அப்புலவர், கண்ணொளி இல்லாதவர். முதுகிலே எழுத்துகளை எழுதிக் காட்டி அவருக்குத் தமிழ் கற்பித்தனர் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. செவிவழிச் செய்தியே ஆயினும் அதனுள் ஒரு கல்வி முறை அடங்கியிருக்கின்றது. 'இவனுக்குக் கண் இல்லை. ஆகவே ஏடு இல்லை' என்று அந்த ஆசிரியர் கைவிடவில்லை. எவ்வழி திறந்திருந்ததோ அவ்வழியே எழுத்தைக் கொண்டு சென்றார்.

மேலைநாட்டில் இதே வேலையைச் செய்தவர் லூயி பிரெயில். பிரான்சு நாட்டில் 1809ஆம் ஆண்டு பிறந்த இவர், தந்தையாரின் தோல் பட்டறையில் ஊசி குத்திச் சிறு வயதிலேயே கண் இழந்தவர். ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் படிக்கும் எழுத்தை அமைத்து 1829இல் வெளியிட்டார். நம் நாட்டு மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் ஏற்கப்பட்டது. இதில் ஒரு வியப்பு உண்டு. தமிழில் எழுதும் 'க'வும் கன்னடத்தில் எழுதும் 'க'வும் கண்ணுக்கு வேறு வேறு வடிவம். விரலுக்கோ ஒரே புள்ளிகள். பெங்களூரில் பெயர்ப்பலகைகளின்முன் நின்று திகைத்த நம்மவர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

இந்தியாவில் பார்வையற்றோர்க்கெனப் பள்ளி 1887இல் அமிர்தசரசில் தோன்றியது. அதனை அடுத்து, 1890களில் நம் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், ஃபுளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையார் செவித்திறன் அற்றோர்க்கும் பள்ளிகள் அமைத்தனர். மைசூரில் எம். சீனிவாசராவ் என்பார் இவ்விரு வகையினர்க்குமான பள்ளியை 1901இல் தொடங்கினார். இவர்கள் செய்தது பெருந்தொண்டு. இத்தகைய தனிப்பள்ளிகள் இல்லாதிருப்பின் பிரெயில் கற்பிக்க ஓர் ஆசிரியர் கூட நமக்குக் கிடைத்திரார். அவற்றைக் குறை கூறுவோர் இதனை மறத்தல் ஆகாது.

எனினும் அத்தொண்டிற்கு ஒரு விலை உண்டு. அதனை யாம் நூலில் படித்தறியவில்லை. பயணச்சீட்டுச் சாளரத்தில் அமர்ந்து கண்டோம். துணையின்றிச் செல்ல இயலாத மாற்றுத்திறனாளிக்கு இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கின்றது. உடன் செல்லும் துணையாளுக்கும் அச்சலுகை உண்டு. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் மருத்துவச் சான்றிதழுடன் தாய்மார் வருவர். ஆறு அல்லது ஏழு வயதுக் குழந்தை சேலைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு நிற்கும். தொலைவூர் விடுதிப் பள்ளிக்குச் செல்லும்போது சலுகைச் சீட்டு இரண்டு. திரும்பி வருவதற்கோ முழுக் கட்டணச் சீட்டு ஒன்று. குழந்தை உடன் இல்லாதபோது துணையாளுக்குச் சலுகை இல்லை அன்றோ! விதி சரியானதே. ஆயினும் அந்த ஒற்றைச் சீட்டை அச்சிட்டுக் கொடுக்கும்போது யாம் அத்தாயின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அண்டையிலுள்ள பள்ளியிலேயே அக்குழந்தை ஏன் படிக்கலாகாது என்ற வினா அரசினர் உள்ளத்திலும் எழுந்தது. 1974இல் நடுவண் அரசு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தை வகுத்தது. பொதுப்பள்ளியில் சேரும் மாற்றுத்திறன் மாணவர்க்கு நூல், போக்குவரத்து ஆகியவற்றிற்கும், பாடம் படித்துக் காட்டுவோர்க்கும், துணையாளுக்கும் அத்திட்டம் பொருளுதவி அளித்தது. 1995இல் ஒரு சட்டம் வந்தது. அது ஏழு வகைக் குறைபாடுகளையே கூறிற்று. அதனினும் விரிந்த 2016ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகைகளைக் கூறுகின்றது. அரசின் நிதியோ ஏற்போ பெற்ற பள்ளிகள் வேற்றுமை பாராது இக்குழந்தைகளைச் சேர்த்தல் வேண்டும். கட்டடமும் அவர்க்கு ஏற்றதாதல் வேண்டும். சட்டம் வரையறுத்த அளவுக்குக் குறைபாடு உடைய குழந்தை ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அண்டைப் பள்ளியிலோ தான் விரும்பும் தனிப்பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கலாம். 'விரும்பும்' என்ற சொல்லை அன்பர்கள் கவனித்தல் வேண்டும். முன்பு வேறு வழியின்மையே விருப்பம் என்று பெயர் பெற்றிருந்தது.

சட்டத்திற்கு நெடுநாள் முன்னரே நம் நகரில் ஒரு முயற்சி தோன்றியது என்பது பெருமைக்குரியது. இளம்பிள்ளை வாதத்தால் தாக்குண்ட என். எஸ். ஹேமா அம்மையார் 1959இல் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தை நிறுவினார். இலிங்கராஜபுரத்தில் அச்சங்கத்தார் நடத்திய சிரத்தாஞ்சலி என்னும் பள்ளியில் குறைபாடு உடைய குழந்தைகளும் இல்லாத குழந்தைகளும் ஒரே வகுப்பில் கற்றனர். தமிழர் நெருங்கி வாழும் பகுதிக்கு அருகிலேயே இவ்வரிய செயல் நடைபெற்றும், நம்மிற் பலர் அறியாதிருந்தோம்.

செவிகேளாக் குழந்தையின் நிலை இந்நகரில் இன்னும் கடினமானது. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம். கேட்கும் குழந்தை மூன்றையும் விளையாட்டாகவே பிடித்துக்கொள்ளும். உதட்டசைவை நோக்கியே அறியும் குழந்தை எந்த மொழியின் உதட்டை நோக்கும்? இதற்கு விடை சைகை மொழியில் உண்டு. இந்தியச் சைகை மொழிக்கென 2015இல் தில்லியில் ஆய்வு, பயிற்சி நடுவம் நிறுவப்பட்டது. 2018இல் மூவாயிரம் சொற்களுடன் வெளிவந்த அதன் அகராதி 2021இல் பத்தாயிரமாகப் பெருகியது. ஆனால் பெற்றோர் அதனைக் கற்க வேண்டும். பிள்ளை சைகை காட்டினால் அயலார் நகைப்பர் என்று அஞ்சிக் கையைத் தட்டிவிடும் வீடுகளை நம் குடியிருப்பிலேயே யாம் கண்டதுண்டு.

எம் குடியிருப்பில் பிறவியிலேயே கால் வலுவற்ற சிறுவன் ஒருவன் உளன். சில ஆண்டுகளுக்கு முன், மூன்றாம் வகுப்பு மாடியில் இருப்பதால் அவனை விடுதிப் பள்ளிக்கு அனுப்புமாறு அவன் படித்த பள்ளியினர் கூறிவிட்டனர். அப்பள்ளியின் பெயர் ஈண்டு வேண்டா. தந்தையார் சலுகைப் படிவம் கேட்டு எம்மிடம் வந்தார். யாம் படிவத்தைக் கொடுக்காது, சங்க அன்பர் இருவரை அழைத்துக்கொண்டு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் படியுடன் தலைமையாசிரியரைக் காணச் சென்றோம். வாதம் நீளும் என்று எண்ணிச் சென்றோம், நீளவில்லை. அவர் சட்டத்தைக் கூட முழுதும் படிக்கவில்லை. 'மூன்றாம் வகுப்பைக் கீழே கொணர்ந்து, ஐந்தாம் வகுப்பை மேலே அனுப்பினால் போதுமே' என்று அவரே கூறினார். ஒரு சனிக்கிழமை முற்பகலில் பெஞ்சுகள் இடம் மாறின. வாயிற்படியில் வைக்கச் சாய்பலகை ஒன்றை எம் பணிமனைத் தச்சர் ஒருவர் கூலி பெறாது செய்து தந்தார். அது மழையில் ஊறி ஒருமுறை பிளந்தது. பின்னர் சிமெந்துச் சாய்தளம் கட்டினர். ஒவ்வோர் ஆண்டும் அவன் ஏறும் வகுப்பு கீழ்த்தளத்திற்கு வருகின்றது. அவன் இப்பொழுது ஏழாம் வகுப்பில் படிக்கின்றான்.