அகலக்கற்றை ரவுட்டர்: முகவரியிடலும் பெயர் அறிதலும்

அகலக்கற்றை ரவுட்டர் என்பது, வீட்டுக் கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் உள் முகவரி வழங்கி, அவற்றைப் பெரும்பாலும் ஒரே பொது ஐபி முகவரியின் வழியே இணையத்தோடு இணைக்கும் கருவி.

உள் முகவரிகள் டிஎச்சிபி நெறிமுறையின்படி காலக்கெடுவுடன் அளிக்கப்படுகின்றன. பாதிக் கெடு கழிந்ததும் கருவி புதுப்பிப்பு கோரும். 192.168 எனத் தொடங்கும் 65,536 முகவரிகள் உட்பட, இதற்கென ஒதுக்கப்பட்ட மூன்று தொகுதிகளும் பொது இணையத்தில் செல்லாதவை. ஆகவே வெளியேறும் பொதியின் அனுப்புநர் முகவரியையும் போர்ட் எண்ணையும் ரவுட்டர் மாற்றி, அட்டவணையில் பதிகிறது: 192.168.1.5இன் 51000ஆம் போர்ட், பொது முகவரியின் 40012 ஆகலாம். மறுமொழி அப்பதிவைக் கொண்டே உரிய கருவிக்குத் திரும்புகிறது. பதிவில்லாமல் வெளியிலிருந்து வரும் பொதி பொதுவாகக் கைவிடப்படும்; எனினும் இது ஃபயர்வாலுக்கு மாற்றன்று. 1994இல் முன்மொழியப்பட்ட இம்முகவரி மாற்றம், ஏறத்தாழ 430 கோடி மட்டுமேயான ஐபிவி4 முகவரிகளின் பற்றாக்குறைக்கு இடைக்கால ஏற்பாடாகவே கருதப்பட்டது; ஆனால் நிலைத்துவிட்டது.

தளப் பெயருக்குரிய ஐபி முகவரியைக் கண்டறியும் பெயர் அறிதலில் ரவுட்டர் பெரும்பாலும் இடையாள் மட்டுமே. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த டிஎன்எஸ் முறையில் வரும் வினவல்களைச் சேவை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, விடையை அதற்குரிய ஆயுள்காலம் வரை சேமித்து வைப்பதுண்டு. இணைப்பு இருந்தும் தளப் பெயர்கள் திறக்காத கோளாறு சில வேளை இங்கேதான் தோன்றும். முன்சொன்ன முகவரி மாற்றமோ, ஐபிவி4க்கு அடுத்த பதிப்பான ஐபிவி6இல் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைப்பதால் பொதுவாகத் தேவைப்படுவதில்லை.