சொற்பொருள்வழித் தேடல்

சொற்பொருள்வழித் தேடல் என்பது, தேடுபவர் இட்ட எழுத்துகளை அப்படியே பொருத்திப் பார்ப்பதோடு நில்லாமல், அவை எந்தப் பொருளில் வந்துள்ளன என்பதையும் கணக்கில் கொண்டு ஆவணங்களை எடுத்துத் தரும் முறை. தீர்க்க வேண்டிய சிக்கல்கள் இரண்டு. 'மாலை' என்று தேடுபவர் பூமாலையை நினைத்திருக்கலாம், அந்திப்பொழுதையும் நினைத்திருக்கலாம். இது பல பொருள் குறித்த ஒரு சொல். 'மருத்துவமனை' என்று தேடினால் 'ஆஸ்பத்திரி' என்று எழுதிய பக்கம் தவறிப்போவது ஒரு பொருள் குறித்த பல சொல்லால் வருவது. ஜார்ஜ் ஃபர்னஸ் குழுவினர் 1987-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே பொருளைக் குறிக்க இருவர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவு.

இத்துறையின் வேர் கேம்பிரிட்ஜில் இருக்கிறது. மார்கரெட் மாஸ்டர்மன் அங்கு நடத்திய மொழி ஆய்வுக் கூடத்தில், ரோஜெட் 1852-இல் வெளியிட்ட ஆங்கில நிகண்டைக் கொண்டு கணினிக்குப் பொருள் உணர்த்த முயன்றார்கள். அங்கே பணியாற்றிய காரென் ஸ்பார்க் ஜோன்ஸ், ஒருபொருட் சொற்களைத் தானாகத் தொகுப்பது பற்றி 1964-இல் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினார்; அது நூலாக வர 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவரை உலகம் அறிந்தது 1972-இல் எழுதிய வேறொரு கட்டுரையால். சில ஆவணங்களில் மட்டுமே வரும் சொல்லுக்கு அதிக எடையும் எங்கும் வரும் சொல்லுக்குக் குறைந்த எடையும் தரலாம் என்றார். பொருளைத் தொடாத இந்த எளிய கணக்கை வெல்வதுதான் பின்வந்த முறைகளுக்கெல்லாம் சோதனையாயிற்று.

அகராதியை நம்பியவர்களின் காலம் 1980-களில் தொடங்கியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1985-இல் தொடங்கிய வேர்ட்நெட், ஆங்கிலச் சொற்களை ஒருபொருட் தொகுதிகளாக அடுக்கி, அவற்றுக்கிடையே உறவுகளையும் பதிந்தது. தொகுதிகள் பின்னாளில் 1,17,000-ஐத் தாண்டின. மைக்கேல் லெஸ்க் 1986-இல், அருகருகே வரும் சொற்களின் அகராதி விளக்கங்களை ஒப்பிட்டே பொருளைக் கண்டறியலாம் என்று காட்டினார். இவற்றைத் தேடலில் பூட்டினால் போதும் என்றே பலரும் எண்ணினார்கள்.

எலன் வூர்ஹீஸ் 1993-இல் அதைச் செய்து பார்த்தார். வேர்ட்நெட் கொண்டு பொருள் பிரித்துத் தேடியபோது முடிவுகள் மோசமாயின. மறு ஆண்டு, ஒருபொருட் சொற்களைக் கையால் தேர்ந்து வினாவில் சேர்த்தார். விரிவான வினாக்களுக்கு அதனால் பெரிய பயன் இல்லை, குறுகிய வினாக்களுக்கு மட்டும் பலன் தெரிந்தது. அதே 1994-இல் கிளாஸ்கோவில் மார்க் சாண்டர்சன் இரு சொற்களை ஒட்டிப் போலிச் சொற்கள் செய்து, வேண்டுமென்றே பொருள்மயக்கம் உண்டாக்கிச் சோதித்தார். மயக்கத்தைவிடத் தவறான பிரிப்பே அதிகக் கேடு செய்தது. பிரிப்பு குறைந்தது 90 விழுக்காடு சரியாக இல்லாவிட்டால் பயனில்லை என்பது அவர் முடிவு. மயக்கம் அதிகம் கெடுக்காததன் காரணம் எளிது: 'மாலை' உடன் 'சம்பங்கி' சேர்ந்து வந்தால், இரண்டும் உள்ள பக்கம் பெரும்பாலும் பூமாலையைப் பற்றியதே. வினாவின் மற்றச் சொற்கள் கேட்காமலே பொருளை வரையறுத்துவிடுகின்றன. இந்த எதிர்மறை முடிவுகளே இத்துறைக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாடம் எனலாம்.

வெற்றி, பொருளை அகராதியில் தேடாமல் சொல்லின் புழக்கத்தில் தேடியவர்களுக்கே கிடைத்தது. டியர்வெஸ்டர், டூமாய்ஸ் முதலியோர் 1990-இல் வெளியிட்ட உள்ளுறைப் பொருள் முறை, ஒரே சூழலில் வரும் சொற்களைக் கணக்கால் நெருக்கமாக்கியது. 1995-இல் ஷூட்சேயும் பெடர்சனும் சொல்லின் பொருள்களை உரைத்தொகுப்பிலிருந்தே பிரித்தெடுத்து, தேடல் மேம்படுவதைக் காட்டினர். கூகுளில் மிக்கோலவ் குழு 2013-இல் உருவாக்கிய, ஒவ்வொரு சொல்லையும் ஓர் எண்வரிசையாக மாற்றும் வேர்ட்2வெக் இந்த வழியை மிகப் பெரிய உரைத்தொகுப்புகளுக்குக் கொண்டுசென்றது. ஆயினும் அதில் ஒரு சொல்லுக்கு ஒரே எண்வரிசைதான். இரண்டு 'மாலை'களும் ஒன்றே. வாக்கியத்துக்கு ஏற்ப எண்வரிசை மாறும் பெர்ட் மாதிரி 2018-இல் வந்தது. 2019 அக்டோபரில் அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் பத்தில் ஒன்றுக்கு அதைப் பயன்படுத்துவதாகக் கூகுள் அறிவித்தது. டிசம்பரில் தமிழ் உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரித்தது.

தமிழுக்கு வேர்ட்நெட் வகைச் சொல்வலையும் உண்டு. இந்திய மொழிகளை இணைக்கும் இந்தோவேர்ட்நெட்டில் அது ஓர் அங்கம். ஆனால் தமிழ்ச் சொற்கள் உருபேற்றுப் பெறும் 'மருத்துவமனைக்கு', 'மருத்துவமனையிலிருந்து' போன்ற வடிவங்களைப் பெர்ட் இலக்கணப்படி பிரிப்பதில்லை, அடிக்கடி வரும் எழுத்துத் துண்டுகளாகவே வெட்டுகிறது. பயிற்சிக்குக் கிடைக்கும் தமிழ் உரை ஆங்கிலத்தைவிட மிகக் குறைவாக இருப்பதால், பகுதியையும் விகுதியையும் அறிந்து பிரிக்கும் உருபனியல் பகுப்பிகள் தமிழ்த் தேடலுக்கு இன்னும் தேவைப்படுகின்றன.