வெள்ளத்தைக் கணிக்கும் கணினி: 'ஹைப்பர்பாராமீட்டர்' என்றால் என்ன?

2006 டிசம்பரில் ஒரு தடவை, 2007 ஜனவரியில் மறுபடியும். சில வார இடைவெளியில் ஜொகூர் ஆறு இரண்டு முறை கரைபுரண்டு கோத்தா திங்கி மூழ்கியது. ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். இப்படிப்பட்ட வெள்ளத்தை முன்கூட்டியே கணிக்க இப்போது மெஷின் லேர்னிங்கும் பயன்படுகிறது. ஜொகூர் ஆற்றின் நீரோட்டத்தை வைத்தும் ஆய்வுகள் வந்துள்ளன.

பழைய மழை அளவையும் ஆற்று மட்டத்தையும் கொடுத்தால், இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கணினியே கற்றுக்கொள்ளும். ஆனால் சில விஷயங்களைப் பயிற்சிக்கு முன்னாடியே நாம்தான் முடிவு செய்யணும். கடந்த எத்தனை மணி நேர மழையைப் பார்ப்பது? கணிப்பு தப்பினால் ஒவ்வொரு முறையும் எவ்வளவு திருத்திக்கொள்வது? இவைதான் ஹைப்பர்பாராமீட்டர்கள். ஆற்றின் மேல்பகுதியில் பெய்த மழை நகரத்துக்கு வந்து சேர நேரமாகும். பார்க்கும் நேரம் ரொம்பக் குறைவு என்றால், வழியில் இருக்கும் தண்ணீர் கணக்கில் வராது. ரொம்ப அதிகம் என்றால், தேவையில்லாததையும் அது மனப்பாடம் செய்துவிடும்.

சரியான எண்ணை வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். மூன்று ஹைப்பர்பாராமீட்டர், ஒவ்வொன்றுக்கும் 5 மதிப்பு என்றால் 125 சேர்க்கைகள். ஒரு பயிற்சிக்கு 10 நிமிடம் என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 21 மணி நேரம்! இப்படி ஒன்று விடாமல் முயல்வது 'கிரிட் சர்ச்'. சிலவற்றை மட்டும் குலுக்கல் முறையில் எடுப்பது 'ரேண்டம் சர்ச்'. முடிவை உண்மையில் மாற்றுபவை பெரும்பாலும் ஒன்றிரண்டு ஹைப்பர்பாராமீட்டர்கள்தான். அதனால் குலுக்கலே பல நேரம் லாபம் என்று பெர்க்ஸ்ட்ராவும் பெஞ்சியோவும் 2012-இல் காட்டினார்கள்.

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். எஸ்பிஎம் வினாத்தாள் முன்கூட்டியே கசிந்தால் அந்த மார்க்கை நம்புவோமா? தரவை மணிவாரியாகக் குலுக்கிப் பிரித்தாலும் அதே கதைதான். வெள்ள நாளில் காலை 10 மணி அளவு பயிற்சியிலும் 11 மணி அளவு சோதனையிலும் விழுந்தால், பக்கத்து மணியே விடையைச் சொல்லிவிடும். அதனால் காலவரிசைப்படி பிரிக்கணும்: பழைய ஆண்டுகளில் பயிற்சி, அடுத்த ஆண்டுகளில் ஹைப்பர்பாராமீட்டர் தேர்வு. ஜொகூரில் மறுபடியும் வெள்ளம் வந்த 2023 மார்ச் மாதிரியான கடைசிக் காலத்தைத் தொடாமல் வைத்திருந்து, ஒரே ஒரு தடவை சோதிக்கணும்.

எதை வைத்து மார்க் போடுவது? சராசரிப் பிழை போதாது. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் ஆறு அமைதியாகத்தான் ஓடும். 'நாளைக்கும் இதே மட்டம்தான்' என்று சொல்லும் சோம்பேறிக் கணிப்புக்குக்கூட நல்ல மார்க் கிடைத்துவிடும். வெள்ள நேரத்துப் பிழையைத் தனியாக எடுத்துப் பார்க்கணும். தவறவிட்ட எச்சரிக்கைக்கு எவ்வளவு அபராதம், வீண் எச்சரிக்கைக்கு எவ்வளவு என்று முடிவு செய்யும்போது, அந்த ஆற்றை அறிந்த வடிகால் துறைப் பொறியாளர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.