காவல் நிலைய மரணங்கள்: பதிவேடு யார் கையில்? (1855–2025)

காவல் நிலையத்துக்குள் ஒருவர் இறந்தால், சம்பவம் நடந்த இடம், அதைப் பார்த்த சாட்சிகள், முதலில் எழுதப்படும் ஆவணம் ஆகிய மூன்றும் சந்தேகத்துக்கு உள்ளான துறையின் வசமே இருக்கும். மற்ற மரணங்களில் பெரும்பாலும் இந்த நிலை இல்லை. நெஞ்சுவலி வந்தது, வலிப்பு வந்தது, தப்பி ஓடுகையில் விழுந்தார் என்று வெளியாகும் செய்திக்குறிப்பை மக்கள் நம்ப மறுப்பதன் வேர் இதுவே. பிணவறை வாசலில் உறவினர்கள் உடலை வாங்க மறுத்து உட்கார்ந்துவிடுவது தமிழ்நாட்டில் பழகிப்போன காட்சி. காவல் துறை திருத்தி எழுத முடியாத ஒரே சான்று அந்த உடல்தான் என்பதை அவர்கள் அறிவார்கள். காவல் மரணங்கள் குறித்து இந்தியாவில் உருவான சட்டங்களின் வரலாற்றைப் பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு புதிய பதிவேடு சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. அந்தப் பதிவேட்டை யார் வைத்திருப்பது என்ற கேள்வி மட்டும் ஏறத்தாழ அப்படியே நிற்கிறது.

இந்த வரலாற்றின் முதல் பெரிய ஆவணம் சென்னை மாகாணத்தில் பிறந்தது. 1854 இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவையில் சென்னை மாகாணச் சித்திரவதைகள் பற்றிக் கேள்வி எழுந்தது. அதைத் தொடர்ந்து எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவரைக் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டு, 1855 இல் அறிக்கை அளித்தது. ஆணையத்தின் முன் வந்த 1,959 புகார்களில் 519 நேரில் வந்தவர்கள் சொன்னவை. மற்ற 1,440 கடிதம் மூலம் வந்தவை. விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி முதலிய முறைகளை அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. 1816 ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, நிலவரி வசூலிக்கும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவராக இருந்தார். வரி பாக்கிக்காகவும் திருட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளவைப்பதற்காகவும் அடித்தவர்கள் ஒரே ஆட்கள். பாதிக்கப்பட்டவன் முறையிடப் போகும் இடமும் அவர்களுடைய கச்சேரிதான். ஐரோப்பிய அதிகாரிகளுக்கு இதில் பங்கில்லை என்ற தொனியில் அறிக்கை பேசியது. 1857 இல் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் இதழில் இதே அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு எழுதிய கார்ல் மார்க்ஸ், அந்தத் தொனியை ஏற்கவில்லை. நீதி கேட்டு வருபவனுக்கு அது கிடைக்காத நிலையையே அறிக்கையின் சான்றுகள் காட்டுவதாக அவர் வாதிட்டார்.

அறிக்கையின் விளைவுகள் இரண்டு. 1859 ஆம் ஆண்டின் 24 ஆம் சட்டம் சென்னை மாகாணப் போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது. அதன் முதல் தலைவராக வில்லியம் ராபின்சன் பொறுப்பேற்றார். இரண்டாவது விளைவு சான்றுச் சட்டத்தில் ஏற்பட்டது. போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதி 1861 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872 இல் சான்றுச் சட்டத்தின் 25, 26 ஆம் பிரிவுகளாயிற்று. போலீசை நம்ப முடியாது என்று அரசே சட்டமாக எழுதிவைத்த இடம் இது. ஆனால் அடுத்த பிரிவான 27 ஒரு வாசலைத் திறந்துவைத்தது: வாக்குமூலத்தைக் கொண்டு ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அந்தப் பொருள் தொடர்பான பகுதி செல்லும். காவல் நிலையப் பேச்சில் ‘ரெக்கவரி’ என்று சொல்லப்படுவது இதுதான். நகை எங்கே என்று கேட்டு அடிப்பதற்கான தூண்டுதல் இந்தப் பிரிவோடு தங்கிவிட்டது. 1902–03 இல் ஃபிரேசர் ஆணையம் போலீஸ் துறையை ஊழலும் கொடுமையும் நிறைந்தது என்று கண்டித்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

காவலில் ஒருவர் இறந்தால் நடுவர் ஒருவர் விசாரிக்க வேண்டும் என்ற ஏற்பாடு பிரிட்டிஷ் காலச் சட்டத்திலேயே உண்டு. 1973 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 176 ஆம் பிரிவாகத் தொடர்ந்தது. நடைமுறையில் அந்த நடுவர் பெரும்பாலும் வருவாய்க் கோட்டாட்சியராகவே இருந்தார்; ‘ஆர்.டி.ஓ. விசாரணை’ என்று ஊரறிந்த விசாரணை அது. கோட்டாட்சியர் மாவட்ட ஆட்சியருக்குக் கீழே பணியாற்றுபவர். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் சேர்ந்தே மாவட்ட நிர்வாகத்தை நடத்துகிறார்கள். விசாரணை அறிக்கை அரசுக்குப் போனது. இறந்தவரின் வீட்டுக்கு வந்தது அரிது. விசாரணை நடந்தது என்ற செய்தி மட்டும் வெளியே தெரிந்து, அது கண்டது என்னவென்று தெரியாமல் போனதால், ‘ஆர்.டி.ஓ. விசாரணைக்கு உத்தரவு’ என்ற அறிவிப்பே போராட்டத்தைக் கலைக்கும் வழியாக மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

நெருக்கடிநிலைக் காலம் இந்த நம்பிக்கையின்மையை ஆழமாக்கியது. சென்னை மத்தியச் சிறையில் மிசா சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்ட கைதிகள் தாக்கப்பட்டதையும், பின்னர் முன்னாள் மேயர் சிட்டிபாபு இறந்ததையும் தொடர்ந்து நீதிபதி இஸ்மாயில் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. கேரளத்தில் 1976 மார்ச் 1 அன்று பிடித்துச் செல்லப்பட்ட பொறியியல் மாணவர் ராஜனை, அவருடைய தந்தை ஈச்சர வாரியர் ஆள்கொணர்வு மனு மூலம் தேடினார். அந்த வழக்கு 1977 ஏப்ரலில் முதலமைச்சர் கருணாகரன் பதவி விலகும் வரை சென்றது. மகனின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை.

1990களில் முனைப்பு உச்ச நீதிமன்றத்துக்கு மாறியது. ஒடிசாவில் 1987 டிசம்பரில் போலீஸ் அழைத்துச் சென்ற 22 வயது இளைஞர் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தப்பி ஓடி ரயிலில் அடிபட்டார் என்றது போலீஸ். அவருடைய தாய் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்ற நீதிமன்றம், நீலாபதி பெஹரா வழக்கின் 1993 தீர்ப்பில் 1,50,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் இறையாண்மைக் காப்பு என்று சொல்லி அரசு ஒதுங்க முடியாது என்பது அத்தீர்ப்பின் நிலைத்த பயன். அதே ஆண்டு தேசிய மனித உரிமை ஆணையம் உருவானது. காவல் மரணத்தை 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும், தவறினால் மறைக்க முயன்றதாகவே கருதப்படும் என்று 1993 டிசம்பரில் அது அறிவுறுத்தியது. 1995 இல் உடற்கூறாய்வைக் காணொளியில் பதிவு செய்யுமாறு முதலமைச்சர்களுக்கு எழுதியது.

1996 டிசம்பர் 18 அன்று வந்த டி.கே. பாசு தீர்ப்பு பதினொரு விதிகளை வகுத்தது. கைது செய்பவர் பெயர்ப்பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சி கையொப்பமிட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும். நகல்கள் நடுவருக்குச் செல்ல வேண்டும். பிற்பாடு இவற்றில் பல 2009 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சட்டத்திலும் ஏறின. ஒவ்வொன்றும் தேவையான விதி. என்றாலும் இவற்றில் பெரும்பாலானவற்றை நிரப்ப வேண்டியவர் கைது செய்யும் காவலர். சரிபார்க்க வேண்டியவர்கள், பரபரப்பான அரசு மருத்துவமனையில் சில நிமிடங்களில் கைதியைப் பார்த்து அனுப்பும் மருத்துவரும், ரிமாண்ட் செய்யும் நடுவரும்.

2005 ஆம் ஆண்டின் 25 ஆம் சட்டம் 176 ஆம் பிரிவில் ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. காவலில் மரணமோ காணாமல் போதலோ வன்புணர்வோ நடந்தால் நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்றது அது. 2006 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டின் முழு வலிமை தமிழ்நாட்டில் தெரிய இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின.

2020 ஜூன் 19 அன்று, பொதுமுடக்க நேரத்தில், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய தந்தையும் மகனும் காவல் நிலையத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தரையில் புரண்டதால் அவர்களுக்குக் காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. பக்கத்துக் கடையின் கேமராவில் பதிவான காட்சி அதற்கு மாறாக இருந்தது. மறுநாள் அரசு மருத்துவர் சான்று கொடுத்தார். நடுவர் ரிமாண்ட் செய்தார். இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். தாளில் பார்த்தால் பாசு தீர்ப்பின் பாதுகாப்புப் படிகள் பல நிறைவேறியிருந்தன. ஜூன் 22 இரவு மகன் இறந்தார். 23 அதிகாலை தந்தை இறந்தார்.

சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரணைக்குச் சென்ற கோவில்பட்டி நீதித்துறை நடுவருக்குக் காவல் நிலையத்தில் ஒத்துழைப்பு இல்லை. அவரை இழிவாகப் பேசவும் செய்தனர். ஒரு டெராபைட் வன்தட்டு இருந்தும் சி.சி.டி.வி. பதிவுகள் தினமும் தாமாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டறிந்து எழுதினார். பெண் தலைமைக் காவலர் ஒருவர், இரவு முழுவதும் தந்தையும் மகனும் அடிக்கப்பட்டதையும் லத்திகளிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்ததையும் வாக்குமூலமாகச் சொன்னார். நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பு அளிக்க உத்தரவிட்டது. தடயங்களைக் காக்க, அந்தக் காவல் நிலையமே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவரப்பட்டது. சித்திரவதையைத் தடுக்க 1859 இல் வருவாய்த் துறையிலிருந்து பிரிக்கப்பட்ட போலீசின் நிலையம் ஒன்று, 161 ஆண்டுகள் கழித்து, சித்திரவதையின் சான்றைக் காக்க அதே வருவாய்த் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி. வழியாக சி.பி.ஐ.க்குச் சென்றது; அதே ஆண்டு செப்டம்பரில் ஒன்பது காவலர்கள் மீது கொலைக் குற்றப்பத்திரிகை தாக்கலானது. மதுரையில் நடந்த வழக்கு விசாரணை ஐந்து ஆண்டுகளைத் தாண்டி நீண்டது.

இந்த வழக்கில் உண்மையை வெளியே கொண்டுவந்தவை பக்கத்துக் கடையின் கேமரா, வெளியிலிருந்து வந்த நடுவர், உள்ளிருந்து பேசத் துணிந்த ஒரு காவலர் ஆகிய மூன்றுமே. நிலையத்தின் சொந்தப் பதிவேடுகளில் ஒன்றுகூட இதற்கு உதவவில்லை. பல பத்தாண்டுகளாகச் செய்யப்பட்ட சீர்திருத்தங்களின் குறையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

அந்த ஆண்டின் இறுதியில் இரண்டு தீர்ப்புகள் வந்தன. பரம்வீர் சிங் சைனி வழக்கில் 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையங்களிலும் வாயில், லாக்கப், தாழ்வாரம் உட்பட எந்த இடமும் விடுபடாமல் ஒலிப்பதிவும் இரவுக்காட்சியும் கொண்ட கேமராக்கள் வேண்டும் என்றது. பதிவுகளை 18 மாதமும், இயலாவிடில் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும். மதுரைக் கிளையோ, காவல் மரணங்களில் உடற்கூறாய்வுக்கு முன் குடும்பத்தார் உடலைப் பார்க்க அனுமதிப்பது உள்ளிட்ட நெறிமுறைகளை வகுத்தது. குடும்பத்தாரைப் பார்வையாளராகச் சேர்த்த இந்த நெறிமுறை, பிணவறை வாசல் போராட்டங்களின் காரணத்தைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒன்று.

2022 ஏப்ரலில் சென்னை தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்தில் 25 வயது இளைஞர் இறந்தபோது, வலிப்பும் வாந்தியும் காரணம் என்ற விளக்கம் முதலில் சட்டமன்றம் வரை போனது. உடற்கூறாய்வில் 13 காயங்கள் தெரிந்த பின் அது கொலை வழக்காக மாறியது. காவல் துறை கொடுக்கும் முதல் விளக்கத்தை அரசு சரிபார்க்காமல் அவையில் வைத்தால், பழுது காவல் நிலையத்தோடு நிற்பதில்லை. அரசின் சொல்லும் மதிப்பிழக்கிறது.

2025 ஜூன் 28 அன்று சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரம் கோயிலின் 27 வயதுக் காவலாளி இறந்தார். காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாருக்காகத் தனிப்படைக் காவலர்கள் அவரைப் பிடித்திருந்தனர். அடித்த இடம் காவல் நிலையமே அல்ல; கோயிலுக்குப் பின்னால் உள்ள இடம். உச்ச நீதிமன்றம் வரைந்த கேமரா வரைபடத்தில் அது இல்லை. மறைந்திருந்து ஒருவர் கைப்பேசியில் எடுத்த காணொளியே சான்றாயிற்று. உடற்கூறாய்வு 44 காயங்களைக் கணக்கிட்டது. வழக்குப் பதியாமல் தனிப்படை எப்படி விசாரித்தது, யார் உத்தரவு என்று மதுரைக் கிளை கேட்டது; மாவட்ட நீதிபதி ஒருவரை விசாரணைக்கு அமர்த்தியது. ஐந்து காவலர்கள் கைதாகி, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சாத்தான்குளத்தோடு ஒப்பிட்டால் நடவடிக்கை வேகமாகவே வந்தது. ஆனால் அந்த மரணத்தின் பின்னணி சான்றுச் சட்டத்தின் 27 ஆம் பிரிவு திறந்துவைத்த அதே வாசல்தான்: நகை எங்கே?

எண்ணிக்கையிலும் இதே சிக்கல் தொடர்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2020 ஆம் ஆண்டுக்கு 76 காவல் மரணங்களைக் காட்டியது; தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு 2020–21 நிதியாண்டில் வந்த தகவல் 100. கணக்கிடும் காலமும் முறையும் வேறென்றாலும், ஒரு நாடு இத்தகைய மரணங்களுக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாமல் இருப்பது கவலைக்குரியது. காப்பகத்தின் அறிக்கைகளின்படி 2001 முதல் 2020 வரை 1,888 மரணங்கள், காவலர்கள் மீது 893 வழக்குகள், குற்றப்பத்திரிகை 358 பேர் மீது, தண்டனை 26 பேருக்கு.

பதிவேட்டைத் துறைக்கு வெளியே வைக்கும் வழி 2006 இலேயே சொல்லப்பட்டது. பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் காவல் துறைப் புகார் ஆணையங்களை மாநில, மாவட்ட அளவில் அமைக்கச் சொன்னது. தமிழ்நாடு 2013 இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டம் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும், மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கி, காவல் அதிகாரிகளையே உறுப்பினராக்கியது. தீர்ப்பின் நோக்கத்தை அதன் பெயரிலேயே முறியடித்த ஏற்பாடு இது. இதைத் திருத்துவதும், நடுவர் விசாரணை அறிக்கைகளைக் குடும்பத்தாருக்கும் பொதுமக்களுக்கும் வெளியிடுவதும், கேமராப் பதிவுகளைக் காவல் நிலையத்துக்கு வெளியே, நீதித்துறையின் பொறுப்பில் சேமிப்பதும் மாநில அரசு தள்ளிப்போடக் கூடாத கடமைகள். மத்திய அரசின் கடன் இன்னும் பழையது. ஐ.நா.வின் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது. மக்களவை 2010 இல் நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையைக் கடக்காமல் காலாவதியானது. உடன்படிக்கைக்கு நாடு இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை.