லிஸ்பனுக்குச் செல்லும் பிள்ளைகளும் தனிநாயகம் அடிகளாரும்

அயல்நாட்டில் உயர்கல்வி பயிலும் நம் பிள்ளைகள் வார இறுதியில் ஐரோப்பிய நகரம் ஒன்றைப் பார்த்து வருவது வழக்கமாகிவிட்டது. இலண்டனிலோ மான்செஸ்டரிலோ பயில்வோர் வெள்ளிக்கிழமை மாலை மலிவுக் கட்டண விமானம் ஏறி ஞாயிறு இரவு விடுதிக்குத் திரும்பிவிடுகின்றனர். திங்களன்று பெற்றோரின் கைப்பேசிக்குப் படங்கள் வந்து சேர்கின்றன. எங்கள் அம்பாங் வட்டாரத்திலும் அத்தகைய பெற்றோர் உளர். லிஸ்பன் நகரப் படங்கள் என்றால் பெலேம் கோபுரமும், வாஸ்கோ ட காமாவின் கல்லறை அமைந்துள்ள ஜெரோனிமோஸ் மடாலயமும் தவறாமல் இடம்பெறும். அம்மடாலயக் கட்டடத்தின் ஒரு பகுதியே போர்த்துகலின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். முதன்முதலாக அச்சேறிய தமிழ்மொழி நூல் அதன் சேகரிப்பில் உள்ளது என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவதில்லை. இக்கட்டுரை அதன்பொருட்டு எழுதப்படுகிறது.

அந்நூலின் பெயர் ‘கார்டிலா’. 1554ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் லிஸ்பன் நகரில் அச்சிடப்பட்டது. கிறித்துவ வழிபாட்டு வாசகங்களைத் தமிழிலும் போர்த்துகீசிய மொழியிலும் கொண்ட சிறுநூல் அது. தமிழ் எழுத்துகளுக்கு அச்சு வார்க்கப்படாத காலமாதலால் தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்திலேயே உள்ளன. தமிழ் எழுத்தைத் தாளில் அச்சாகக் காண 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கார்டிலாவை உருவாக்கியவர்களாக வின்சென்ட் தெ நசரெத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா த குரூஸ் என்னும் மூவர் குறிப்பிடப்படுகின்றனர். பெயர்கள் போர்த்துகீசியப் பெயர்களாயினும் மூவரும் தமிழர்களே. ஏறத்தாழ 470 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து அந்நகருக்குச் சென்ற தமிழர், தம் தாய்மொழியை ஐரோப்பிய அச்சுக்கூடம் ஒன்றில் ஏற்றினர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று அங்கே நின்று படமெடுக்கும் நம் பிள்ளைகளுக்கு இவர்கள் முன்னோடிகள் அல்லரோ?

இந்நூலைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தவத்திரு தனிநாயகம் அடிகளார். ‘கண்டுபிடித்தார்’ என்று நம் மேடைகளில் முழங்குவதுண்டு. நூல் தொலைந்து கிடக்கவில்லை. அருங்காட்சியகத்தார் அதைப் பேணியே வந்தனர். அது தமிழுக்கு என்ன பொருள் தரும் என்று உணர்ந்து தேடிச் செல்லத் தமிழறிஞர் ஒருவர் தேவைப்பட்டார். அடிகளாரின் பெருமை அங்கேதான் உள்ளது என்பது என் கருத்து.

அடிகளார் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பகுதியில் 1913இல் பிறந்தவர். 1934 முதல் 1939 வரை ரோம் நகரில் இறையியல் பயின்றார். அப்பொழுது அவருக்கு இத்தாலியம், இலத்தீன் முதலிய மொழிகள் வசமாயின. ஆனால் தமிழ் இலக்கியத்தை அவர் முறையாகப் பயின்றது நாடு திரும்பிய பின்னரே. வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியப் பணியாற்றியபோது பண்டிதர் ஒருவரிடம் பாடங்கேட்டார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். முப்பது வயதைக் கடந்த குருவானவர் ஒருவர் இளைஞர்களோடு வகுப்பில் அமர்ந்து சங்க இலக்கியம் கற்றிருக்கிறார். 1955 முதல் 1957 வரை இலண்டன் பல்கலைக்கழகத்தில் பழந்தமிழ் இலக்கியத்தில் காணப்படும் கல்விச் சிந்தனைகளை ஆய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

ஐரோப்பியப் பயணங்களின்போது லிஸ்பன், பாரிஸ், ரோம் ஆகிய நகரங்களின் நூலகங்களில் அவர் பழைய தமிழ் நூல்களையும் சுவடிகளையும் தேடினார். அவ்வாறு வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டது, அந்தாம் தெ புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்த தமிழ்–போர்த்துகீசிய அகராதி. கேரளத்து அம்பலக்காட்டில் 1679இல் அச்சான அதில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. வீரமாமுனிவரின் சதுரகராதிக்கும் முற்பட்டது அது.

பெற்றோர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். அவ்வகராதி இருந்த நகரத்தில்தான் அடிகளார் ஐந்தாண்டுகள் மாணவராக வாழ்ந்தார். ஆயினும் தமிழ் கற்ற பிறகு மீண்டும் சென்றபோதே அது அவர் கைக்கு எட்டியது. நம் பிள்ளைகளுள் ஆறாம் ஆண்டோடு தமிழை நிறுத்திவிட்டு, எஸ்.பி.எம். தேர்வில் தமிழை எடுக்காமல், பின்னர் அயல்நாடு செல்வோர் எத்தனை பேர்! அவர்களுக்கு லிஸ்பனில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை தெரியும், கார்டிலா தெரியாது. குறை அவர்களுடையதன்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1961இல் அடிகளார் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குப் பேராசிரியராக வந்து 1969 வரை பணியாற்றினார். 1964இல் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்று உழைத்தவர் அவர். அம்மன்றத்தின் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கி வைத்தார். அதே 1966இல், ரோமில் கண்ட புரோயென்சா அகராதியை உள்ளது உள்ளவாறே நிழற்படப் பதிப்பாக மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாயிலாக வெளியிட்டார். மாநாட்டைப் பற்றி நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். இப்பதிப்பைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. எனக்கோ மாநாட்டு ஊர்வலத்தைவிட இதுவே பெரிய செயலாகத் தோன்றுகிறது.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு குறிப்பு. லிஸ்பன் அருங்காட்சியகம் சீரமைப்புப் பணிக்காக 2022இல் மூடப்பட்டது. ஆதலால் செல்லுமுன் திறந்துள்ளதா என விசாரித்துக்கொள்வது நன்று. வத்திக்கான் நூலகத்தில் ஆய்வாளர்களுக்கே அனுமதி உண்டு. சுற்றுலாப் பயணியாகச் சென்று நூலைக் கேட்க இயலாது. அயல்நாடு செல்லாத மாணவர்களுக்கும் வழி உண்டு. அம்பாங்கில் எல்.ஆர்.டி. ஏறி மஸ்ஜிட் ஜாமெக்கில் மாறினால் யுனிவர்சிட்டி நிலையம் வந்துவிடும். அடிகளார் அவ்வகராதியை மறுபதிப்பித்த பல்கலைக்கழகம் அங்கிருந்து சிறிது தொலைவே. ஆறாம் ஆண்டு மாணவர்களை ஒரு சனிக்கிழமை அங்கே அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். உடன்வர விரும்பும் பெற்றோர் பள்ளியில் தெரிவிக்கலாம்.