தொடக்க நிலை நிரலாக்கப் பாட மதிப்பீடு, கொங்கு மண்டலம்

கோவை, ஈரோடு, நாமக்கல் வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்தவை. முதலாண்டு மாணவர் எழுதிய நிரலுக்கு மதிப்பெண் இடும் முறையை அதன் ஒழுங்குமுறைகளே வகுக்கின்றன, பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகள் தாமே வகுத்துக்கொள்கின்றன.

2013 ஒழுங்குமுறையில் சி மொழி இருந்தது. 2017-இல் பைத்தான் வந்தது. 2017-இல் அகமதிப்பீடு 20, பருவத் தேர்வு 80. 2021 ஒழுங்குமுறையில் எழுத்துத்தாளுக்கு 40, 60 என்றும், ஆய்வகத்துக்கு 60, 40 என்றும் மாறியது.

ஆய்வகத் தேர்வில் படிமுறை, நிரல், வெளியீடு, வாய்மொழித் தேர்வு என மதிப்பெண் பிரியும். சிக்கல் இங்கேதான். மீப்பெரு பொதுக்காரணி, இருமத் தேடல், வரிசைப்படுத்தல் என வினாக்கள் முன்பே தெரிந்தவை. ரெக்கார்டு நோட்டை மனப்பாடம் செய்தவரும் தேறிவிடுவார். அவரைப் பிரித்தறிய வாய்மொழித் தேர்வு ஒன்றே வழி. அதற்குக் கிடைப்பதோ சில நிமிடங்கள்.

தாளில் நிரல் எழுதச் சொல்வதைக் கேலி செய்வோர் உண்டு. ஆனால் தந்த நிரலை வரிவரியாகத் தடம் பிடித்து விடை சொல்லவே பலர் தடுமாறுவதை, ஏழு நாடுகளில் ரேமண்ட் லிஸ்டர் குழு நடத்திய 2004 ஆய்வு காட்டியது. அத்தகைய வினாவுக்குத் தாளே போதும்.