கம்பம் பள்ளத்தாக்கில் மளிகை வாங்குதல்: வாரச்சந்தை முதல் பல்பொருள் அங்காடி வரை

வீட்டுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி ஆகியவற்றை வாங்குவதை மதுரை, தேனி வட்டாரப் பேச்சில் ‘செலவு வாங்குதல்’ என்பர். எந்தக் கடையில் வாங்குவது என்பது விலையைப் பார்த்து எடுக்கும் முடிவாகவே தோன்றும். ஆனால், தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் விலையோடு வேறு இரண்டு கேள்விகளும் இந்த முடிவைத் தீர்மானித்து வந்துள்ளன. கையில் காசு எப்போது வரும்? காசு இல்லாத நாளில் சாமான் தருவது யார்? இப்பகுதியில் தோன்றிய ஒவ்வொரு வகைக் கடையும் இக்கேள்விகளுக்கு ஒவ்வொரு விடையைத் தந்தது.

ஆறும் மலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் ஆகிய ஊர்களைக் கொண்டது கம்பம் பள்ளத்தாக்கு. 1876-78 பஞ்சத்துக்குப் பின் முல்லைப் பெரியாறு அணைத் திட்டம் வேகம் பெற்றது. பொறியாளர் ஜான் பென்னிகுயிக் கட்டிய அந்த அணை 1895இல் திறக்கப்பட்டது. மேற்கு நோக்கி ஓடிய பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இப்பள்ளத்தாக்குக்கு வந்தது. இன்று இங்கு 14,707 ஏக்கர் நிலம் இருபோக நெல் சாகுபடிப் பரப்பாகக் கணக்கிடப்படுகிறது.

மலைக்கு மேலே ஏலக்காய், தேயிலை, காப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு வேண்டிய ஆட்களும் அரிசியும் மளிகையும் பள்ளத்தாக்கிலிருந்து ஏறின. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடம் வழியாகக் கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் வந்து சேர்ந்தது. 1928இல் மதுரை - போடி ரயில் பாதை திறக்கப்பட்டது. இதனால் இவ்வூர்கள் விளைவிக்கும் ஊர்களாக மட்டுமின்றி, மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான வணிக ஊர்களாகவும் வளர்ந்தன.

வாரச்சந்தை

வாரத்துக்கு ஒருநாள் கூடும் சந்தையே பழைய தலைமுறையின் முதன்மையான கடை. தேனி வாரச்சந்தை தமிழ்நாட்டின் பெரிய சந்தைகளுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. சந்தை நாளும் கூலி நாளும் ஒன்றையொன்று ஒட்டி அமைந்தன. வாரக் கூலி கைக்கு வந்ததும் அடுத்த ஏழு நாட்களுக்கான பருப்பு, மிளகாய், புளி, கருவாடு, காய்கறி ஆகியவற்றை ஒரே நடையில் வாங்கி வந்தனர். வயல் வேலைக்கு நெல்லாகவே கூலி பெற்றவர்கள் அரிசிக்குச் சந்தையை நம்பவில்லை, மற்றவற்றுக்கு நம்பினர்.

சந்தையின் பலம் போட்டி. ஒரே பொருளைப் பலர் வரிசையாக விற்பதால், நடந்து பார்த்து, பேரம் பேசி வாங்கலாம். பொழுது சாயும்போது காய்கறி விலை இறங்கும். அதற்காகவே காத்திருந்து வாங்கியவர்களும் உண்டு. அளவில் ஏமாறாமல் இருப்பதற்கு மட்டும் அனுபவம் தேவைப்பட்டது. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்றாலும், படியைத் தலைதட்டி அளப்பதற்கும் கும்பமாக அளப்பதற்கும் வேறுபாடு உண்டு. 1956ஆம் ஆண்டின் எடை அளவுச் சட்டத்துக்குப் பின்னர், படியும் வீசையும் படிப்படியாக விலகிக் கிலோவும் லிட்டரும் வந்தன.

சந்தையின் குறை, அங்கே ரொக்கம் வேண்டும் என்பதே. அடுத்த வாரம் எந்த ஊரில் இருப்பார் என்று தெரியாத வியாபாரி கடன் தரமாட்டார்.

மளிகைக் கடையும் கணக்கு நோட்டும்

அந்தக் குறையைத் தெருமுனை மளிகைக் கடை தீர்த்தது. தென்மாவட்டங்களில் மளிகை வணிகம் பரவியதில் நாடார் வணிகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அவர்கள் பேட்டைகள் அமைத்துத் தங்கி, வணிகத்தில் ஒரு பங்கை ‘மகமை’ என்ற பொதுநிதியாகச் சேர்த்தனர். அந்த நிதி கோயில்களுக்கும் பின்னர் கல்விக்கும் பயன்பட்டது. தேனி மேலப்பேட்டை இந்து நாடார்கள் உறவின்முறை இன்று பள்ளிகளையும் கல்லூரிகளையும் நடத்தி வருவது இம்மரபின் தொடர்ச்சியே. செட்டியார், ராவுத்தர் முதலிய பிற வணிகச் சமூகத்தாரும் பள்ளத்தாக்கின் கடைத்தெருக்களில் தொழில் செய்துள்ளனர்.

மளிகைக் கடையின் உயிர் கணக்கு நோட்டில் இருந்தது. வாங்கிய சாமானைப் பற்று எழுதி, கூலி வந்ததும் வரவு வைப்பார்கள். மழைக்காலத்தில் தோட்ட வேலை நின்றாலும் வீட்டில் உலை கொதித்ததற்கு இந்த நோட்டே காரணம். இதற்கு விலையும் உண்டு. நோட்டில் பாக்கி இருக்கும் குடும்பம் வேறு கடைக்குப் போகத் தயங்கும். விலை கூடினாலும் தரம் குறைந்தாலும் கேள்வி கேட்காது. மேலும், மாதத்துக்கு வேண்டிய எண்ணெயை மொத்தமாக வாங்குபவரைவிட, அன்றன்றைக்குச் சிறு அளவில் வாங்குபவர் அதே எண்ணெய்க்குக் கூடுதலாகக் கொடுக்கிறார். வறுமை அதிக விலை கொடுக்கிறது என்பதை மளிகைக் கடையில் கண்கூடாகக் காணலாம்.

கூட்டுறவும் ரேஷன் கடையும்

நுகர்வோரே சேர்ந்து கடை நடத்தலாம் என்ற எண்ணம் தமிழகத்தில் 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கத்துடன் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போர்க்கால உணவுத் தட்டுப்பாட்டின்போது ரேஷன் முறை வந்தது. 1952இல் முதலமைச்சர் இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கப்பட்டது. ரேஷன் கடைகளில் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன.

1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டின் அடிப்படையில் பயனாளிகளைப் பிரித்தது. தமிழ்நாடு அப்போதும் அனைவருக்குமான முறையைக் கைவிடவில்லை. 2007 முதல் துவரம் பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் வழங்கப்பட்டன. 2008இல் கிலோ அரிசி 1 ரூபாயானது. 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அரிசி வேண்டாதவர்கள் கூடுதல் சீனி பெறும் அட்டையைத் தேர்ந்துகொள்ளலாம்.

நெல் விளையும் பள்ளத்தாக்கில் ரேஷன் அரிசி எதற்கு என்று கேட்கலாம். விளைச்சல் நிலம் உள்ளவருக்குச் சொந்தம். கூலிக்காரருக்கு அரிசி விலைக்கு வாங்கும் பொருள்தான். அரிசிச் செலவு குறைந்ததால், கணக்கு நோட்டின் பெரும்பற்று குறைந்தது. கடைக்காரரின் தயவாக இருந்த ஒன்று குடும்ப அட்டையின் உரிமையாக மாறியது. 2020 ஊரடங்கின்போது அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருட்களும் இக்கடைகள் வழியாகவே வழங்கப்பட்டன.

உழவர் சந்தை

இடைத்தரகர் இன்றி விவசாயியே நுகர்வோருக்கு விற்கும் முதல் உழவர் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதலமைச்சர் மு. கருணாநிதி திறந்து வைத்தார். பஞ்சாபின் ‘அப்னி மண்டி’, ஆந்திரத்தின் ‘ரைத்து பஜார்’ ஆகியவை இதற்கு முன்னோடிகள். தேனி, கம்பம், போடி ஆகிய ஊர்களிலும் உழவர் சந்தைகள் அமைந்தன.

விவசாயிகளுக்கு அடையாள அட்டை வழங்கப்பட்டது; கடைக்கு வாடகை இல்லை; தராசும் கொடுக்கப்பட்டது. அன்றைய விலை மொத்த விலைக்குச் சற்று மேலாகவும் வெளிச்சந்தைச் சில்லறை விலைக்குக் கீழாகவும் நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படும். பேரம் பேசத் தெரியாதவருக்கும் நியாயமான விலை கிடைத்தது இதன் சிறப்பு. ஆனால், விற்பனை விடியற்காலையிலேயே சூடுபிடித்து நண்பகலுக்குள் ஓய்ந்துவிடும். விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் பெண்களால் அந்த நேரத்தில் வர இயலாது. மலிவு விலையைப் பெறுவதற்கு நேரமும் ஒரு முதலீடாகிறது.

இன்றைய நிலை

தற்போது பல்பொருள் அங்காடிகளும் கைபேசி வழி விற்பனையும் சேர்ந்துள்ளன. அங்காடியில் விலை பொட்டலத்தில் அச்சாகியிருக்கிறது. பொருளைத் தானே எடுத்துப் பார்க்கலாம். யாரிடமும் கடன் கேட்டு நிற்க வேண்டியதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இது ஏற்றது. நாட்கூலிக்காரருக்கு அங்கே கணக்கு நோட்டு இல்லை.

எனவே, புதிய கடை வந்து பழைய கடையை முற்றிலும் அழித்தது என்று இப்பகுதியின் வரலாற்றைச் சொல்ல முடியாது. ஒரே குடும்பம் அரிசியையும் சீனியையும் ரேஷன் கடையிலும், காய்கறியைச் சந்தையிலும், மாதச் சாமானை அங்காடியிலும், அவசரத்துக்குத் தெருமுனைக் கடையிலும் வாங்குவது இயல்பு. பட்டியலை இவ்வாறு பிரித்து வாங்குவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கணக்கு. எந்தக் கடைக்கும் கட்டுப்படாமல் அவ்வாறு பிரித்து வாங்க முடிகிற அளவே, ஒரு குடும்பம் கடனிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பதற்கு நல்ல அளவுகோல்.